பேறுகாலப் பை

‘பேறு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பெறுதற்கரிய நற்பயனும் பேறு. பிள்ளை பெறுதலும் பேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோரின் சிந்தனையை யாம் வகுப்பறையில் பலமுறை வியந்து பேசியதுண்டு. பிள்ளைத்தமிழ் நடத்தும் நாட்களில் காப்பு, செங்கீரை, தால் எனத் தொடங்கிச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் வரை பத்துப் பருவங்களையும் விரல்விட்டு எண்ணிக் கற்பித்திருக்கின்றோம். நபிகள் நாயகம் அவர்கள் மீதும் இவ்வகை நூல்கள் பாடப்பட்டுள்ளமை மாணவர் அறிந்ததே. ஆயினும் அப்பருவங்கள் யாவும் குழந்தை இவ்வுலகுக்கு வந்த பின்னர்த் தொடங்குவன. எட்டாம் மாதத்துப் பெண்ணொருத்தி தரையில் காலை நீட்டி அமர்ந்து, ஒரு பையை முன்னே விரித்து வைத்துக்கொண்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று எண்ணியிருக்கும் பொழுதுக்கு அப்பத்தினுள் இடமில்லை.

துறை மலருக்குக் கட்டுரை கேட்ட தலைவர் அவர்கள், இலக்கியமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை, வாழ்வில் கண்டதாகவும் இருக்கலாம் என்றார்கள். அச்சொல் தந்த துணிவில் இதனை எழுதுகின்றோம். எம் கல்லூரியில் பயில்வோருள் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள். இது பெண்கள் சங்கதி என்று பக்கத்தைப் புரட்ட முற்படும் மாணவர் சற்றுப் பொறுக்க வேண்டுகின்றோம். சமுதாயப் பெரியோர்களிடமும் அதே வேண்டுகோள்தான். முப்பது ஆண்டுகளாக வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. வாயால் சொல்ல இன்னும் வராததால் எழுத்தைத் துணைக்கு அழைக்கின்றோம்.

எம் ஊர் காவிரியின் கடைமடையில் ஒரு சிற்றூர். அம்மாவைப் பெற்ற பாட்டியாரை நன்னி என்றழைப்போம். நன்னியின் தேக்குமரப் பெட்டியில் எந்நாளும் ஒரு துணிமூட்டை இருக்கும். நன்னாவின் பழைய வேட்டிகள், நைந்துபோன நூற்புடைவைகள் ஆகியவற்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, கொதிநீரில் அவித்து, உச்சிவெயிலில் உலர்த்தி, அடுக்கி முடிந்து வைத்திருப்பார்கள். நடுவே ஒரு சிறு பொட்டலம். அதனுள் உறை பிரிக்காத பிளேடு ஒன்று, நூற்கண்டு ஒன்று, சோப்புக்கட்டி ஒன்று. தெருவில் எவர் வீட்டில் வலி கண்டாலும், நள்ளிரவாயினும், மருத்துவச்சி வந்து சேருமுன் அம்மூட்டை அங்கே போய்ச் சேர்ந்துவிடும். சிறுமியாக இருந்த யாம் அதைத் தலையில் சுமந்து ஓடியிருக்கின்றோம். உள்ளே செல்ல மட்டும் விடமாட்டார்கள், வாசற்படியோடு சரி.

கொடியறுக்கப் புதுப் பிளேடுதான் வேண்டும் என்பதில் நன்னி காட்டிய பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுடைய முதற்குழந்தைக்குக் கதிர் அறுக்கும் அரிவாளால் கொடியறுத்தார்களாம். ஏழாம் நாள் அக்குழந்தையின் வாய் இறுகி, பால் குடிக்க மாட்டாமல், உடல் வில்லாய் வளைந்து விறைத்தது. அதற்கு மேல் நன்னி சொல்லமாட்டார்கள். ‘அன்னிக்கு ஒரு பிளேடு கால்காசு’ என்று மட்டும் சொல்வார்கள். பிற்காலத்தில் மருத்துவ நூலொன்றில் ‘ஐந்து தூய்மைகள்’ என்ற தலைப்பைக் கண்டோம். பேறு பார்ப்பவர் கை, தாய் படுக்கும் இடம், கொடி அறுக்கும் கருவி, கட்டும் நூல், அறுத்தபின் எஞ்சும் கொடியின் அடி ஆகிய ஐந்தும் தூயனவாதல் வேண்டும் என்பது அதன் கருத்து. எழுதப் படிக்கத் தெரியாத நன்னி அவ்வைந்தையும் ஒரு மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். தாய்மாருக்குத் தடுப்பூசியும் மருத்துவமனைப் பேறும் பரவியதன் பயனாக, பச்சிளங்குழந்தைகளைக் கொண்டுசென்ற அந்த இசிவு நோய் இந்தியாவில் கட்டுக்குள் வந்துவிட்டது என 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. நன்னி அதைக் கேட்க இல்லை.

இத்துணை முன்னேற்பாடு உடைய நன்னி, பிறக்குமுன் குழந்தைக்கென்று புதுத்துணி எடுப்பதை மட்டும் ஒருபோதும் ஒப்பமாட்டார்கள். தொட்டில் கட்டுவதும் ஆகாது. பெயர் பேசுவதும் ஆகாது. வராத விருந்துக்கு இலை போடலாமா என்பார்கள். இதனை மூடநம்பிக்கை என்று ஒரு காலத்தில் எள்ளியிருக்கின்றோம். இப்போது அவ்வாறு தோன்றவில்லை. வாங்கி வைத்த சிறுசட்டையை மறுபடி மடித்துப் பெட்டியில் வைக்க நேர்ந்த கைகள் வகுத்த விதி அது. தாய்க்கு உதவும் பழந்துணியைத் தயங்காமல் சேர்த்து வைத்தவர்கள், குழந்தைக்கு ஆசையை மட்டும் சேர்த்து வைக்க அஞ்சினர்.

எம் தலைப்பேறு 1993ஆம் ஆண்டு ஐப்பசியில் நிகழ்ந்தது. அப்போது யாம் திருச்சிராப்பள்ளியில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தோம். ஏழாம் மாதம் சோறாக்கித் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தனர். உடன் கொண்டுவந்த ரெக்சின் பையில் என்னென்ன இருந்தன என்பது இன்றும் வரிசையாக நினைவில் நிற்கிறது. ஆய்வுக் குறிப்பேடுகள் நான்கு, சீறாப்புராணப் பதிப்பொன்று, மை நிரப்பிய பேனா இரண்டு, மாற்றுப் புடைவைகள். மூன்றாம் மாதத்தில் சோதனைச்சாலையில் கொடுத்த உள்ளங்கையளவு தாள் ஒன்று மட்டும் அதில் இல்லை. அத்தாளில் எம் இரத்தவகை ‘ஏ நெகட்டிவ்’ என எழுதப்பட்டிருந்தது. குழந்தை பிறந்தவுடன் இதைக் காட்ட வேண்டும், குழந்தை பாசிட்டிவ் என்றால் மூன்று நாளைக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும் என்று மருத்துவ அம்மையார் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். கேட்டுத் தலையசைத்தோம். வீட்டுக்கு வந்து தாளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினோம். பத்திரப்படுத்திவிட்டோம் என்ற நிறைவு வேறு!

குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்பே வலி கண்டது. அடைமழை இரவு. ஊரில் இருந்த ஒரே வாடகைக் காரைத் தேடிப் பிடித்து அத்தா அவர்கள் கொண்டுவந்தபோது மணி இரண்டு. அக்காலத்தில் 108 வண்டி ஏது? அது தமிழகத்துக்கு வந்தது 2008ஆம் ஆண்டில்தான். பக்கத்து நகரத்தில் இருந்த மருத்துவமனை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தோம். செவிலியர் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, ‘இரத்தவகை என்ன?’ என்று கேட்டார். வலியின் அலையில் எமக்குப் பேச்சு எழவில்லை. அம்மா முந்திக்கொண்டு, ‘நல்ல ரத்தம்தாம்மா, எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு கோளாறும் கிடையாது’ என்றார்கள். செவிலியர் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவர்களே சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அக்குறையை இங்கு வளர்க்க எமக்கு விருப்பமில்லை. ஏனெனில் எம் குறை அதனினும் பெரிது.

விடியற்காலை மகள் பிறந்தாள். நன்னா அவளுடைய காதில் பாங்கு சொன்னார்கள். எல்லாம் நலம். மறுநாள் பிற்பகல், பால் கொடுத்துவிட்டுக் கண்ணயரும் வேளையில், அலமாரியில் இருக்கும் தாள் நினைவுக்கு வந்தது. திடுக்கிட்டு எழுந்தோம். மாலையில் மருத்துவர் வந்தபோது சொல்லிவிடலாம் என்றிருந்தோம். அவர் வந்தபோது அறை நிறைய உறவினர். மாமனார் வழியில் வந்த ஆண்களும் இருந்தனர். அவர்கள் முன்னிலையில் இரத்தம் என்ற சொல்லை எடுக்க நாணினோம். அதனினும், பிறந்த குழந்தையைச் சுற்றி நின்று அனைவரும் துஆ செய்யும் அறையில் ‘நெகட்டிவ்’ என்றொரு சொல்லை ஒலிக்கச் செய்வதே தீக்குறி போலப்பட்டது. நாளைக்குச் சொல்வோம் என்றிருந்துவிட்டோம். மறுநாளும் அவ்வாறே போயிற்று. நான்காம் நாள் வீடு திரும்பினோம். கெடு மூன்று நாள்தானே, கடந்துவிட்டது, இனிச் சொல்லி ஆவதென்ன என்று எமக்கு யாமே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டோம். பிந்திப் போட்டாலும் அவ்வூசியால் ஓரளவு பயன் உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். இலக்கணத்தில் ஐயம் வந்தால் பத்து உரைகளைப் புரட்டும் யாம், இதில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

அறிவியல் பயிலாத மாணவர்க்காகச் சில சொற்கள். மனிதரின் சிவப்பணுக்களின் மேல் ஆர்எச் காரணி என்றொரு பொருள் பெரும்பாலோர்க்கு உண்டு. அவரைப் பாசிட்டிவ் என்பர். இல்லாதவர் நெகட்டிவ். நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர் இவ்வகையினர். இது நோயன்று, குறையுமன்று. 1940இல் லேண்ட்ஸ்டைனர், வீனர் என்னும் இருவர் இதனை உலகுக்கு வெளிப்படுத்தினர். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறக்கும்போது குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் உடலில் கலந்துவிடுகிறது. தாயின் உடல் அதனை அயலார் எனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. முதற்குழந்தைக்கு இதனால் பெரும்பாலும் தீங்கில்லை, அது பிறந்தாயிற்று. அடுத்துக் கருவில் வரும் பாசிட்டிவ் குழந்தையின் இரத்தத்தை அந்த எதிர்ப்பொருள் தேடிச்சென்று அழிக்கும். தாயே அறியாமல் தாயின் உடல் செய்யும் வேலை இது. இதனைத் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசி 1968 முதல் வழக்கில் உள்ளது. பேறு நிகழ்ந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். இப்போது ஏழாம் மாதத்திலும் ஒருமுறை போடுகின்றனர். கருச்சிதைவு நேர்ந்தாலும் இது தேவைப்படும் என்பதைப் பலர் அறியார்.

1996இல் இரண்டாம் பேறு. இம்முறை யாம் வைத்த பையில் ஒரு தாளும் குறைவில்லை. திருச்சி மருத்துவ அம்மையார் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு எம் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே அனைத்தும் விளங்கிவிட்டது. ‘அந்த ஊசியைப் போட்டுக்கொண்டீர்களா?’ என்ற ஒரு கேள்விதான் கேட்டார்கள். எட்டாம் மாதத்தில் மகன் பிறந்தான். வெளிறி, பின் மஞ்சள் பூத்து, சற்றே வீங்கிய முகம். உடலின் இரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள். நாற்பது மணி நேரம் இருந்தான்.

பையில் இருந்த குழந்தைத் துணிகள் மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவதா, என்ன செய்வதா என்று எவரும் வாய்திறக்கவில்லை. தள்ளாத வயதில் ஊரிலிருந்து வந்திருந்த நன்னி எழுந்து, பையிலிருந்து அவற்றை எடுத்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் குழந்தைக்குப் போர்த்திவிட்டு வந்தார்கள். ‘துணி தைச்சது பிள்ளைக்குத்தானே’ என்றார்கள். புதுத்துணி எடுத்தது குற்றம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும். அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

நாணம் பெண்ணுக்கு அணி என்று நூல்கள் கூறும்; யாமும் அதற்குப் பொழிப்புரை சொல்லியிருக்கின்றோம். ஆயின் நாணம் மருத்துவமனை வாசலில் செய்த கொடுமைக்கு நம் மண்ணிலேயே வரலாறு உண்டு. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஓர் இரவு, மருத்துவப் பணியாளரான அமெரிக்கப் பாதிரியார் ஒருவரின் வீட்டுக் கதவை மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராகத் தட்டினர். மூவர் மனைவியரும் பேற்று வலியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் தேடி வந்தது பாதிரியாரை அன்று; அவர் மகளை. ஆண் மருத்துவர் உள்ளே வருதல் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மகளோ மருத்துவம் படித்தவரல்லர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூன்று கணவன்மாருள் ஒருவர் முஸ்லிம். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கி, 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் நிறுவினார். அக்கதையை மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் அம்மூவரைக் குறை சொல்வது எளிது. யாம் சொல்லும்போது எம் குரல் தாழ்ந்துவிடும். அவர்களாவது கதவைத் தட்டினார்கள்.

இனி இக்கட்டுரைக்குக் காரணமான பைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு ஆவணியில் மகள் எட்டாம் மாதத்துடன் எம் வீட்டுக்கு வந்தாள். மருத்துவமனையில் அச்சிட்டுக் கொடுத்த பட்டியல் ஒன்று, தோழியர் எழுதிக்கொடுத்தது ஒன்று என இரண்டு பட்டியல்களை விரித்தாள். தோழியர் பட்டியலில் நாற்பத்திரண்டு பொருள்கள்! குழந்தையின் பாதச்சுவடு எடுக்கும் களிமண் பெட்டிகூட இருந்தது. பிள்ளை பிறக்கப் போகிறதா, பொருட்காட்சி நடக்கப் போகிறதா என்று கேட்டோம். அவள் சிரித்தாள். பாதி அடிக்கப்பட்டது. முன்புறம் திறக்கும் நூலாடை மூன்று, உள்ளாடைகள், பெரிய அளவுப் பஞ்சுப் பட்டைகள், துண்டு இரண்டு, சீப்பு, தேங்காய் எண்ணெய்ச் சீசா, சோப்பு, வெந்நீர்க் குடுவை, தம்ளர், கரண்டி, கைபேசிக்கு மின்னூட்டும் கம்பி, சில்லறையாக ஐந்நூறு ரூபாய். குழந்தைக்குத் துவைத்த நூற்சட்டைகள், தொப்பி, காலுறை, துவட்டவும் சுற்றவும் துணிகள். புதுத்துணியையும் ஒருமுறை அலசி உலர்த்தியே வைத்தோம். நன்னியின் கொதிநீரை மறக்கவில்லை.

தேன் வைப்பதா என்று உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் கேட்டார்கள். பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைப்பதை மருத்துவர் விலக்குகின்றனர். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பது அவர்கள் அறிவுரை. பெரியம்மா முகம் வாடியது. பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் வைத்தோம், தாய் உண்பதற்கு. பேற்று வலியில் தனித்திருந்த அன்னை மர்யம் அவர்களுக்கு ஈச்சமரத்தின் கனிகள் உண்ணக் கிடைத்ததைத் திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் கூறுவதைப் பெரியம்மாவுக்கு நினைவூட்டினோம். அதன்பின் அவர்களே கடைக்கு ஆள் அனுப்பி இன்னும் ஒரு பொட்டலம் வரவழைத்தார்கள்.

அரசு மருத்துவமனையில் பேறு காண்பவர்க்குப் பதினாறு பொருள்கள் கொண்ட குழந்தைநலப் பெட்டகம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2015இல் தொடங்கியது. பின்லாந்து நாட்டில் இவ்வாறான பெட்டி 1938 முதல் ஏழைத் தாய்மார்க்கும், 1949 முதல் எல்லாத் தாய்மார்க்கும் வழங்கப்படுகிறது. அதைப் பெறுவதற்கு அந்நாட்டார் வைத்த கட்டளையை யாம் மிக விரும்புகின்றோம். நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரிடம் சென்று சோதித்துக்கொண்ட தாய்க்கே பெட்டி. சட்டைக்கு ஆசைப்பட்டாவது சோதனைக்குப் போகட்டும் என்று நினைத்தார்கள் போலும்.

எல்லாவற்றையும் அடுக்கியபின் பையின் மேலறையைத் திறந்தோம். அதற்கென்றே வாங்கிய கண்ணாடித்தாள் உறையில் தாய்சேய் நல அட்டை, அதன் பதிவெண், ஸ்கேன் அறிக்கைகள், சர்க்கரை, இரத்தச்சோகைச் சோதனைகள், ஆதார் நகல் ஆகியவற்றை இட்டோம். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித்திட்டத்துக்கென வங்கிப் புத்தக நகலும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இரத்தவகைத் தாள். அது வெளியே படிக்கத் தெரியும்படி முகப்பில் இருக்க வேண்டும் என்று இருமுறை எடுத்து இருமுறை வைத்தோம்.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘அம்மா, எனக்கு ஏ பாசிட்டிவ்தானே. பாசிட்டிவ்காரங்களுக்கு இதுல பிரச்சினையே இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. நீங்க ஏன் இதையே எடுத்து எடுத்து வைக்கிறீங்க?’ என்றாள். பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே கேட்டாள். ‘உங்களுக்கு நெகட்டிவ். நான் பாசிட்டிவ். தம்பி மஞ்சள்காமாலையில போனான்னுதான் சொல்லியிருக்கீங்க. அது காமாலை இல்லைதானே?’

வேதியியல் படித்தவள் அவள். எத்தனை நாளாக இக்கணக்கைப் போட்டுப் பார்த்தாளோ! காமாலைதான், ஆனால் அதற்குக் காரணம் வேறு என்றோம். நடந்தவற்றை, தாளும் அலமாரியும் மழையும் அறை நிறைந்த உறவினரும் என ஒன்றுவிடாமல் சொன்னோம். கேட்டு முடித்தபின், ‘அப்போ என்னோட ரத்தம்தான்...’ என்று தொடங்கி நிறுத்தினாள். அவளுக்கு அதை மறைத்ததே இந்த ஒரு வாக்கியத்துக்கு அஞ்சித்தான். ‘உன் ரத்தம் ஒண்ணும் செய்யலம்மா. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நீ பாசிட்டிவா பொறந்ததால ஒரு குறையும் வந்திருக்காது’ என்றோம். எம் கணவரிடமும் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதில்லை. அவர்கள் கேட்டதுமில்லை. கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அவர்கள், பக்கத்தைப் புரட்டும் ஓசை அந்நேரம் நின்றிருந்ததை இருவரும் கவனித்தோம். மகள் வேறு ஒன்றும் பேசவில்லை. தாளை உறையில் சரிசெய்து வைத்துப் பையின் பல்பூட்டை இழுத்தாள்.

மறு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வந்தார்கள். மாமியார் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் அதிகம் பேசும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அவ்வழக்கத்தை அன்று சற்றே ஒதுக்கி வைத்தோம். அவர்களைக் கூடத்தில் அமரச் செய்து, பை முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொன்னோம். பொறியாளர், பாலம் கட்டுபவர். பஞ்சுப் பட்டைப் பொட்டலத்தைக் கையில் எடுத்தபோது காதுமடல் சிவந்தது. கரண்டி எங்கே போயிற்று என்று நெடுநேரம் தேடினார்கள். கையுறைக்குள் யாமேதான் அதை வைத்திருந்தோம், எங்கு வைத்தோம் என்று எமக்கும் நினைவில்லை. வீடே சிரித்தது. இறுதியாக, ‘மருத்துவமனையில் முதலில் என்ன கேட்பார்கள்?’ என்று வினவினோம். பணம் கட்டச் சொல்வார்கள் என்றார்கள். தவறில்லை, ஆயினும் மேலறையைத் திறந்து காட்டினோம். இரத்தவகை, ஒவ்வாத மருந்து, கடைசியாக உண்ட நேரம் இம்மூன்றையும் மனப்பாடமாக ஒப்புவிக்கும்வரை விடவில்லை. வகுப்பில்கூட யாம் இவ்வளவு கெடுபிடி செய்ததில்லை என்று எம் மாணவர் சான்று கூறுவர்.

புரட்டாசி இரண்டாம் வாரம் பின்னிரவில் பனிக்குடம் உடைந்தது. பை கதவருகே ஆணியில் தொங்கியது. மாப்பிள்ளை அதைத் தோளில் மாட்டிக்கொண்டே படியிறங்கினார்கள். மருத்துவமனை மேசையில் செவிலியர் எழுதுகோலை எடுத்து, பெயர், வயது கேட்டு, ‘இரத்தவகை?’ என்றார். எம் வாய் திறக்குமுன், மகள் வாய் திறக்குமுன், மாப்பிள்ளை உரத்த குரலில், ‘ஏ பாசிட்டிவ். இதோ தாள்’ என்றார்கள். வரிசையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தனர். எம் கணவர் ஒரு தூணோரம் போய் நின்றுகொண்டார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அன்று மழையில்லை, கண்ணாடியில் துடைப்பதற்கு ஒன்றுமில்லை.

காலை ஏழரை மணிக்குப் பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளையே பாங்கு சொன்னார்கள். குரல் இருமுறை தடுமாறியது. நாலாம் நாள் வீடு திரும்பும்போது பையில் இருந்தவற்றுள் பிரிக்காமலே திரும்பியவை சீப்பும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழமுமே. மேலறை உறையில் புதிதாக மூன்று தாள்கள் சேர்ந்திருந்தன. தடுப்பூசி அட்டை ஒன்று. 21 நாளைக்குள் பிறப்பைப் பதிவு செய்வதற்கான படிவம் ஒன்று. மூன்றாவது, உள்ளங்கையளவு தாள். குழந்தையின் இரத்தவகை ‘ஏ நெகட்டிவ்’ என்று அதில் எழுதியிருந்தது.

மகள் அதை எம்மிடம் நீட்டினாள். வாங்கிப் படித்துவிட்டு, பழக்கத்தால் இரும்பு அலமாரியின் சாவியைத் தேடினோம். ‘அலமாரியில வேண்டாம்மா’ என்றாள். சுவர்நாட்காட்டிக்குக் கீழே, மின்கட்டண அட்டையும் எரிவாயுப் புத்தகமும் தொங்கும் கம்பியில், வருவோர் போவோர் எல்லார் கண்ணிலும் படும்படி அத்தாளைச் செருகினாள். மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்த பெரியம்மா, ‘இது என்ன சீட்டு?’ என்று கேட்டார்கள்.

யாம் சொன்னோம்.